கணக்கைக் கொடியின் அடியில் பாருங்கள்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, ஏலக்காய் வாசம் தெரிந்த போடிநாயக்கனூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘மிளகு, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய் என்று கடல் கடந்து போன நறுமணப் பொருள் வணிகம், அவை விளைந்த மண்ணுக்குத் தந்தது ஏற்றமா, இழப்பா?’ இதுதான் இன்றைக்கு நடுவர் எங்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இழப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா பழைய சேர நாட்டு முசிறித் துறைமுகத்தையே இந்த மேடைக்குக் கொண்டுவந்து விட்டார். யவனர் கப்பல் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று, அதாவது பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப் போகும் என்று, எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் பாடியதை அவர் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், எனக்கும் அந்த வரி பிடிக்கும். அப்புறம் ரோமாபுரி எழுத்தாளர் பிளினியை அழைத்து வந்தார். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமக் காசை இந்தியா உறிஞ்சிக் கொள்கிறதே என்று அவர் புலம்பியதைச் சொன்னார். எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தில், ஒரு கோயில் வளாகத்தில், இந்தியாவில் வனைந்த பெரிய ஜாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்ததையும் சொன்னார். எல்லாம் உண்மை. எதையும் நான் மறுக்கப் போவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பொன் எங்கே இறங்கியது? யார் கையில் இறங்கியது?

வியன்னா நூலகத்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஓர் ஏடு இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறியிலிருந்து சரக்கேற்றி வந்த ஹெர்மபோலோன் என்ற கப்பலைப் பற்றிய கணக்கும் கடன் ஒப்பந்தமும் அதில் இருக்கின்றன. சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். ஒரே ஒரு கப்பல்! அந்த ஏட்டில் கடன் கொடுத்தவர் இருக்கிறார், வாங்கியவர் இருக்கிறார். நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாக எடுத்துக்கொண்ட ரோம அரசு இருக்கிறது. சரக்கைப் பாலைவனம் தாண்டி நைல் நதிக்குக் கொண்டுபோகிற ஒட்டகக்காரர்கூட இருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையில், அட்டைக் கடிக்கு நடுவே, மரத்தில் ஏறிக் கொடியிலிருந்து மிளகுச் சரத்தைப் பறித்தாரே, அவர் இல்லை. முசிறி பாட்டிலும் அவர் இல்லை, இந்தப் பத்திரத்திலும் இல்லை. ரோமக் காசுப் புதையல்களைக் கோவை, கரூர், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் தோண்டி எடுத்திருக்கிறோம். தங்கக் காசைப் பானையில் போட்டுப் புதைக்கிற அளவுக்கு வைத்திருந்தவர் வணிகராக இருக்கலாம், தலைவராக இருக்கலாம். மலையில் மிளகு பறித்தவர் அந்தப் பானையைப் பார்த்தே இருக்க மாட்டார்.

அதனால் நடுவர் அவர்களிடம் தொடக்கத்திலேயே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இந்த வழக்கின் கணக்கைத் துறைமுகத்தில் நின்று பார்க்காதீர்கள். துறைமுகத்தில் நின்று பார்த்தால் ஏற்றம்தான் தெரியும். கொடியின் அடியில், மரத்தின் அடியில் நின்று பாருங்கள். தலைப்பே ‘விளைந்த மண்ணுக்கு’ என்றுதான் கேட்கிறது.

அடுத்துப் பேசிய எதிரணி சகோதரி அழகான செய்திகளைச் சொன்னார். கி.பி. 849-ல் கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு உரிமைகள் கொடுத்த செப்பேட்டில், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்ற வணிகக் குழுக்கள் இடம்பெற்றிருப்பதைச் சொன்னார். சுமத்ரா தீவில் பாருஸ் அருகே, 1088-ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்ததைச் சொன்னார். பல மதத்தவர் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்ததே இந்த வணிகத்தால்தான் என்றார்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் விளைவித்தவருக்கும் ஒரு பிடி இருந்தது. ஏன் இருந்தது? வாங்க வருகிறவர் பலர். அரபியர் வந்தார், யூதர் வந்தார், சீனர் வந்தார், குஜராத்தி வந்தார், நம் செட்டியார்கள் போனார்கள். ஒருவர் விலை பிடிக்கவில்லை என்றால் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். யாரும் கடலுக்கே பூட்டுப் போடவில்லை. ஆனால் இந்த நல்ல காலம் எந்த அளவுக்கு உறுதியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவன் கப்பலில் பீரங்கியை ஏற்றிக்கொண்டு வரும் வரையில்தான் அது நின்றது. வந்தவுடன் போய்விட்டது.

ஏன் மிளகுக்கும் கிராம்புக்கும் இந்தக் கதி? நெல்லுக்கு ஏன் இல்லை? இதை எதிரணியினர் யாருமே தொடவில்லை. நறுமணப் பொருளுக்கு நான்கு குணங்கள் சேர்ந்து அமைந்திருக்கின்றன. எடை குறைவு. காயவைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. தூரம் போகப் போக விலை பல மடங்கு ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் மட்டும்தான் விளையும். இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்த பொருளை வாங்க வருகிறவனுக்கு ஓர் ஆசை தானாக வரும்: அந்த ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் உலகத்துக்கே நான் விலை சொல்லலாமே! நெல் எல்லா ஊரிலும் விளைகிறது, அதை எப்படிப் பிடிப்பது? மிளகு மலபாரில் இருந்தது. கிராம்பு இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் மட்டும் இருந்தது. ஜாதிக்காய், நம்பவே முடியாது, பண்டா என்ற பத்துச் சின்னஞ்சிறு தீவுகளில் மட்டும் இருந்தது. அந்த மண்ணின் வளமே அந்த மண்ணுக்கு எமனாக வந்தது.

வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் காப்பாட்டில் இறங்கியதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். 1502-ல் அவர் இரண்டாம் முறை வந்தபோது செய்ததை அந்தப் பாடம் அவ்வளவாகச் சொல்வதில்லை. மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலைப் பிடித்து, உள்ளே பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும்போதே தீ வைத்தார். அடுத்து, உங்கள் ஊரில் இருக்கிற முஸ்லிம் வணிகர்களை எல்லாம் வெளியேற்றுங்கள் என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியிடம் கேட்டார். சாமூதிரி மறுத்தார். தன் துறைமுகம் எல்லாருக்கும் திறந்தது என்பதில் அவர் உறுதியாக நின்றார். எதிரணி சகோதரி பெருமையாகச் சொன்னாரே, அந்தப் பழைய ஒழுங்கின் குரல் அது. அதற்குப் பதில் பீரங்கிக் குண்டாக ஊருக்குள் வந்து விழுந்தது.

பிறகு போர்ச்சுகீசியர் கடலில் அனுமதிச் சீட்டு முறை கொண்டுவந்தார்கள். அவர்கள் சீட்டு இல்லாமல் போகிற கப்பலைப் பறித்துக்கொள்வார்கள். நம் கடலில் நம் கப்பல் போக அவர்களிடம் சீட்டு! மிளகுக்கு ஒரு விலையைக் கட்டிவைத்து, பல்லாண்டுகளாக ஏற்றவே இல்லை. அரிசி விலை ஏறியது, துணி விலை ஏறியது, மிளகு மட்டும் அதே விலை. பொறுக்க முடியாமல் மக்கள் மாட்டுப் பொதியில் மிளகை ஏற்றி, மலைக் கணவாய் தாண்டிக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். சொந்த நிலத்தில் விளைந்ததை நல்ல விலைக்கு விற்றால் அதற்குப் பெயர் கள்ளக் கடத்தல் ஆகிவிட்டது. இதை எதிர்த்துக் கடலில் தலைமுறை தலைமுறையாகப் போராடிய கோழிக்கோட்டுக் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களில் நான்காமவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1600-ல் கொன்றார்கள்.

இனி நான் பண்டாவுக்குப் போகிறேன், நடுவர் அவர்களே. எனக்குக் கொடுத்த நேரத்தில் பெரும்பகுதியை அங்கேதான் செலவிடப் போகிறேன். ஏனென்றால் பண்டாவின் கதை தெரியாமல் ஜாதிக்காயைப் பாலில் உரைக்கிறோம், ஜாதிபத்திரியைப் பிரியாணியில் போடுகிறோம்.

இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, கடல் நடுவே எரிமலையைச் சுற்றிக் கிடக்கும் தீவுகள் அவை. அங்கே மன்னர் கிடையாது. ஒராங் காயா என்று அழைக்கப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அந்த மக்களுக்கு நெல் விளைச்சல் இல்லை. ஜாதிக்காயைக் கொடுத்து ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் அரிசியும் சவ்வரிசியும் துணியும் வாங்கிச் சாப்பிட்டு உடுத்து வாழ்ந்தார்கள். பலருக்கு விற்பது அவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை.

1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்குகிறது. எங்களுக்கு மட்டும்தான் ஜாதிக்காய் விற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தோடு பண்டாவுக்கு வருகிறார்கள். சில பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், சிலர் போடவில்லை. சரி, பதிலுக்கு டச்சுக்காரர் என்ன கொண்டுவந்தார்? கொதிக்கிற வெயில் நாட்டுக்குக் கம்பளித் துணி. அரிசியும் போதுமான அளவுக்கு இல்லை. அவர்களுக்கு மட்டும் விற்றால் பண்டா மக்கள் பட்டினி கிடக்க வேண்டும். அதனால் ஜாவாக்காரருக்கும் விற்றார்கள், ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். இது குற்றம் என்றது கம்பெனி.

1621-ல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன் பெரிய படையோடு வந்தார். போரில்லாமல் வணிகம் நடத்த முடியாது, வணிகமில்லாமல் போர் நடத்த முடியாது என்று தன் முதலாளிகளுக்குக் கடிதமே எழுதிய மனிதர் அவர். பண்டாவின் பெரிய தீவான லொந்தோரைப் பிடித்தார். ஊர்களை எரித்தார். மே மாதம் 8-ஆம் தேதி, 44 ஒராங் காயாக்களைக் கோட்டைக்கு வெளியே ஒரு வேலிக்குள் நிறுத்தி, ஜப்பானியக் கூலிப்படையை வைத்துத் தலையை வெட்டினார்கள். நாற்பத்து நான்கு பேர். ஒரு சமூகத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் முடித்துவிட்டால், மிச்சமிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மலைமேல் ஓடினார்கள். அங்கே பசியிலும் நோயிலும் செத்தார்கள். பாறை உச்சியிலிருந்து குதித்தவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றினார்கள். படையெடுப்புக்கு முன் அந்தத் தீவுகளில் சுமார் 15,000 பேர் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பின்னால் அங்கே மிஞ்சியவர் ஓராயிரம் பேர் அளவுதான்.

மக்கள் போய்விட்டார்கள், மரங்கள் நிற்கின்றன. பெரிய தீவுகளை 68 தோட்டங்களாகப் பிரித்துக் கம்பெனியின் பழைய ஆட்களிடம் கொடுத்தார்கள். வேலைக்கு அடிமைகள். விளைந்ததைக் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனிக்கு மட்டும் கொடுக்க வேண்டும். வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். கிராம்பை மலுக்குவில் அம்போன் தீவுப் பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற தீவுகளில் இருந்த கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அந்தத் தீவுவாசிகளையே படகு வலிக்க வைத்து, பக்கத்துத் தீவின் மரங்களை வெட்டுவதற்குக் கூட்டிப்போனார்கள். சரக்கு அதிகமாகி விலை இறங்கும் போலிருந்தால் நெருப்பு வைத்தார்கள். 1760-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்திலேயே அப்படிக் குவியல் குவியலாக எரித்தது பதிவாகியிருக்கிறது. ஒரு பிடி ஜாதிக்காய்க்காக இத்தனை உயிரை எடுத்துவிட்டு, கடைசியில் அதையே கொளுத்தினார்கள்!

பண்டாவிலிருந்து தப்பியவர்களில் சிலர் கிழக்கே கெய் தீவுகளுக்குப் படகில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டா எலி, பண்டா எலாட் என்று இரண்டு ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பண்டா மொழி அந்த இரண்டு ஊர்களில்தான் இன்று பேசப்படுகிறது. பண்டாவில் பேச ஆளில்லை. எதிரணித் தலைவர் அவர்களே, ஒரு மொழி தன் சொந்த மண்ணிலிருந்து துடைக்கப்பட்டதற்கு ஈடாக எத்தனை கப்பல் பொன்னை வைப்பீர்கள்?

இங்கே ஒருவர் கேட்கலாம்: பண்டா எங்கேயோ இருக்கிறது, போடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு. அங்கே 1613-ல் டச்சுக்காரர் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். எதற்காக? கிழக்குத் தீவுகளில் இருந்தவர்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரையின் துணியைத்தான் விரும்பி வாங்கினார்கள். நம் நெசவாளர் நெய்த துணியைக் கொடுத்துத்தான் அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டியிருந்தது. நம் தறி இல்லாமல் அவர்கள் மூட்டை நிரம்பாது. எதிரணி நண்பர்கள் இதையும் ஏற்றத்தின் கணக்கில் சேர்க்கக்கூடும், அதனால் கொஞ்சம் பொறுங்கள். துணியோடு இன்னொன்றும் இந்தக் கரையிலிருந்து கப்பலேறியது.

மனிதர்கள்.

பண்டாவைக் காலி செய்தாகிவிட்டது, பத்தாவியா நகரத்தைக் கட்ட வேண்டும், தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். எங்கே ஆள் மலிவாகக் கிடைக்கும்? பஞ்சம் வந்த ஊரில். 1620-களின் தொடக்கத்தில் இந்தக் கரையில் பஞ்சம் வந்தபோது பழவேற்காட்டிலிருந்தும், கடலூருக்குப் பக்கத்துத் தேவனாம்பட்டினத்திலிருந்தும் அடிமைகளை ஏற்றினார்கள். அடுத்து 1659 முதல் 1661 வரை. பீஜப்பூர்ப் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்து பயிரை அழித்த காலம். காவிரி பாய்கிற மண்ணில் சோறில்லை. தாய் தகப்பன் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றுக்கொண்டார்கள். நாகப்பட்டினம் அப்போதுதான் டச்சுக்காரர் கைக்குப் போயிருந்தது. அங்கிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் எட்டாயிரம், பத்தாயிரம் பேர் என்று ஆய்வாளர்கள் சொல்கிற அளவுக்கு மனிதர்கள் கப்பலேறி, பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். திரும்பி வந்தவர் யார் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கல்லில் பூவேலை செய்து, இறந்த டச்சுக்காரர் பெயர், பிறந்த ஊர், இறந்த நாள் எல்லாம் அழகாக வெட்டியிருக்கிறார்கள். சுற்றுலா போகிறவர்கள் படமெடுத்து வருகிறார்கள். போகட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதே கரையில் கப்பலேற்றப்பட்ட நம் ஆட்களின் பெயரில் ஒரு செங்கல்கூட அங்கே இல்லை. எனக்கு அது ஆறவே இல்லை, நடுவர் அவர்களே.

எதிரணியில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ‘இதெல்லாம் காலனி ஆதிக்கத்தின் குற்றம், வணிகத்தின் தலையில் கட்டாதீர்கள்’ என்பார்கள். நல்ல வாதம், நேராகவே பதில் சொல்கிறேன்.

பண்டாவை அழித்தது ஒரு மன்னரின் படை அல்ல, ஒரு கம்பெனி. ஆம்ஸ்டர்டாமில் அதன் பங்குகளை வாங்கினார்கள், விற்றார்கள். பதினேழு இயக்குநர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து லாபக் கணக்குப் பார்த்தார்கள். பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுத்தார்கள். கூன் பிடித்தது நாட்டை ஆள்வதற்காக அல்ல, ஜாதிக்காய் விலையை ஆள்வதற்காக. 1667-ல் இங்கிலாந்தும் ஹாலந்தும் ப்ரெடாவில் உடன்படிக்கை செய்துகொண்டபோது, ஜாதிக்காய் விளைகிற ரன் என்ற குட்டித் தீவு டச்சுக்காரருக்கு என்றும், அவர்கள் வைத்திருந்த மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு என்றும் முடிவானது. அந்தக் காலத்தில் அது டச்சுக்காரருக்கு நஷ்டமாகவே தெரியவில்லை. இதில் வணிகம் எங்கே முடிகிறது, ஆதிக்கம் எங்கே தொடங்குகிறது என்று எதிரணியினர் கோடு போட்டுக் காட்டட்டும். என்னால் போட முடியவில்லை.

வெள்ளைக்காரரை விடுங்கள். குளச்சலுக்கு வாருங்கள். 1741-ல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைக் குளச்சலில் தோற்கடித்தார். ஐரோப்பியக் கம்பெனியை மண்ணைக் கவ்வ வைத்த வெற்றி, அதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. அதற்குப் பின் மிளகு விளைவித்தவருக்கு விடுதலை கிடைத்ததா? 1743 வாக்கில் திருவிதாங்கூர் அரசே மிளகைத் தன் ஏகபோகமாக்கியது. அரசுப் பண்டகசாலைக்குத்தான் கொடுக்க வேண்டும், அரசு சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். லாபம் படைக்கும் கோட்டைக்கும் போனது. விரட்டியவர் நம் அரசர், ஆனால் விரட்டப்பட்டவரின் முறை அப்படியே தங்கிவிட்டது.

ஆப்பிரிக்காவின் சான்சிபாருக்குப் போங்கள். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராம்பைப் பரப்பியவர் ஓமான் சுல்தான் சயீத். ஐரோப்பியர் அல்ல. அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்து பிடித்துவந்த அடிமைகள்தான் அந்த மரங்களை நட்டார்கள், கிராம்பு மொட்டைக் கையால் பறித்தார்கள். 1897 வரை அங்கே அடிமைமுறை சட்டப்படி இருந்தது. ஆள் மாறினார், மதம் மாறியது, கண்டமே மாறியது. மரத்தின் அடியில் நின்றவர் நிலை மாறவில்லை.

இலங்கையைச் சொல்லாமல் விட்டால் தவறு. அங்கே கறுவாப் பட்டை உரிப்பதற்கென்றே சாலாகம சாதியினரைக் கட்டிவைத்தார்கள். அவர்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று மரபு உண்டு. போர்ச்சுகீசியர் காலத்தில் கறுவா அவர்கள் செலுத்த வேண்டிய வரி, டச்சுக்காரர் காலத்தில் அது இன்னும் இறுகியது. ஆண்டுக்கு இவ்வளவு பட்டை கொடுத்தே ஆக வேண்டும். அனுமதி இல்லாமல் கறுவா வெட்டினாலோ விற்றாலோ மரண தண்டனை வரை போகலாம். பிள்ளை வளர்ந்தால் அவன் பெயரும் பட்டியலில் ஏறும் என்பதால், குழந்தையை வேறு சாதியின் பெயரில் பதிவு செய்த பெற்றோர் இருந்தார்கள். தன் பிள்ளைக்குத் தன் குலத்தைச் சொல்லப் பயந்த தாயை நினைத்துப் பாருங்கள். 1760-ஐ ஒட்டி அவர்கள் கலகம் செய்தார்கள், கண்டி மன்னர் துணைக்கு வந்தார், போர் நடந்தது. 1766-ல் முடிவென்ன? தீவின் கரையோரம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. இன்று கொழும்பில் கறுவாத்தோட்டம் என்றால் பணக்காரர் வாழும் பகுதி. பட்டை உரித்தவர் அங்கே குடியிருக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டு இங்கே வந்துவிடுகிறேன். இந்தக் கடல் வணிகத்தால்தானே மிளகாய் நமக்குக் கிடைத்தது என்று எதிரணி சகோதரி கேட்டார். ஆமாம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் மூலம் வந்தது. அது என் வாதத்துக்குத்தான் வலு. மிளகாய் எந்த ஏழையின் கொல்லையிலும் முளைக்கும். ஒரு மூலையில் பூட்டி வைக்க முடியாது. அதனால் அதற்காக எவரும் கோட்டை கட்டவில்லை, தலை வெட்டவில்லை. அது நேராக ஏழையின் கூழுக்குத் தொட்டுக்கொள்ள வந்து சேர்ந்தது. பூட்ட முடியாத பொருள் மக்களை வாழவைத்தது, பூட்ட முடிந்த பொருள் மக்களைப் பூட்டியது.

இப்போது போடிக்கு வருகிறேன். அது பழைய கதை, இன்று நிலைமை மாறிவிட்டது, நறுமணப் பொருள் வாரியம் இருக்கிறது, மின்னணு ஏலம் இருக்கிறது என்று எதிரணி ஐயா முடித்தார். மாறியிருக்கிறது, நன்மைதான், மறுக்கவில்லை. சங்கிலி இல்லை, சாட்டை இல்லை. ஆனால் விலை சொல்கிற உரிமை கொடியின் அடிக்கு வந்துவிட்டதா? வயநாட்டில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மிளகு விலையும் காப்பி விலையும் சேர்ந்து விழுந்தபோது விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடியில் வாட்ட நோய், சந்தையில் விலை வீழ்ச்சி, வீட்டில் கடன். வியட்நாமில் விளைச்சல் பெருகினால் வயநாட்டில் அடுப்பு அணைகிறது. விளைவிக்கிறவர் வியட்நாமில் விலை சொல்வதும் இல்லை, வயநாட்டில் சொல்வதும் இல்லை.

ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் தொட்டது. நாடே வியந்து பேசியது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. இதை இந்த அரங்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 7,000 போனபோது காய் எடுத்த பெண்ணின் கூலி அதே வேகத்தில் ஏறியதா? இந்தத் தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து விடியும் முன் கிளம்பி, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி இடுக்கித் தோட்டங்களுக்குப் போய், குனிந்து குனிந்து காய் எடுத்து, இருட்டிய பின் வீடு திரும்புகிற அக்காக்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்த ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்த செய்தியை இந்த ஊர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறது. ஏலத்தில் வாங்குபவர் பெயர் பதிவாகிறது, ஏற்றுமதி செய்பவர் விருது வாங்குகிறார். காய் எடுத்த கைக்குப் பாப்பிரஸ் ஏட்டிலும் இடமில்லை, இன்றைய ஏலப் பட்டியலிலும் இடமில்லை.

நடுவர் மணியடிக்கப் போகிறார், தெரிகிறது. எனக்குப் பின் எதிரணித் தலைவர் பேசுவார். அவருக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். முசிறியின் பொன்னைச் சொல்லுங்கள், கொச்சியின் மாளிகையைச் சொல்லுங்கள், ஏற்றுமதிக் கோடிகளைச் சொல்லுங்கள், கேட்கிறோம். ஆனால் மலையில் மிளகுச் சரம் பறித்தவர், லொந்தோரில் ஜாதிக்காய் பொறுக்கியவர், இலங்கையின் காலி நகர்ப் பக்கம் கறுவா உரித்தவர், சான்சிபாரின் பெம்பா தீவில் கிராம்பு கிள்ளியவர், இந்த நான்கு பேரில் யாராவது ஒருவர் குடும்பம், அந்த வணிகம் உச்சத்தில் இருந்த நூறு ஆண்டுகளில், தன் சரக்குக்குத் தானே விலை சொல்லி மேலே வந்ததாக ஒரு சான்று காட்டுங்கள். காட்டினால், நடுவர் தீர்ப்புச் சொல்லும் முன்பே என் கட்சியை நானே விட்டுக்கொடுக்கிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.